இனிப்பு எங்கிருந்து வந்தது?

புளித்த பானம் எதுவானாலும், அது இனித்தால், "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: இந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, அதை மதுச்சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அதன் போக்கில் விட்டால் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஓயும். ஐந்து ஆறு விழுக்காடு வீரியமுள்ள ஒரு பானத்தில் இனிப்பு தூக்கலாக நிற்கிறது என்றால், காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நொதித்தல் இன்னும் முடியவில்லை. அல்லது யாரோ அதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். அல்லது எல்லாம் முடிந்த பின் யாரோ இனிப்பைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பானங்களைச் சுவைத்துப் பார்த்து உணவகங்களுக்கும் தங்குவிடுதிகளுக்கும் தேர்ந்து கொடுப்பது என் தொழில். இந்த மூன்றையும் நாக்கால் பிரித்தறிவதுதான் அதில் பாதி வேலை. இந்த அறிவு மலாக்காத் தமிழர்களுக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கள்ளுக்கடையைக் கைவிட்டபோது அதையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம். இன்று தேன் சுவையூட்டிய ஆப்பிள் சைடரை நாம் குடிக்கும் விதத்தில் அந்த இழப்பு நன்றாகத் தெரிகிறது.

சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் மது. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் பிரான்சின் நார்மண்டியிலும் அது பல நூற்றாண்டுகளாக விவசாயக் குடும்பங்களின் அன்றாடப் பானம். மலேசியாவில் நம் கடைகளில் அது பரவலாக வந்தது அண்மைக் காலத்தில்தான். சோமர்ஸ்பி, ஸ்ட்ராங்போ போன்ற பெயர்கள் இப்போது பண்டார் ஹிலிர் பேரங்காடிகளிலும் சிறு நகரங்களின் மதுக் கடைகளிலும் பியருக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கின்றன. அவற்றில் தேன் சுவை வகையும் வந்திருக்கிறது. 320 மில்லி டின், 4.5 விழுக்காடு மதுச்சத்து என்பது பொதுவான அளவு. கல்யாண விருந்திலும் பிறந்தநாள் விருந்திலும் இதைக் "கசக்காத பியர்" என்றும் "ஜூஸ் மாதிரி" என்றும் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பியர் வேண்டாம் என்று மறுப்பவர் கையில் இதை வைத்தால் மறுப்பதில்லை. அந்த "ஜூஸ் மாதிரி" என்ற சொல்லைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

ஆப்பிள் சாற்றில் இயற்கையாக இருப்பது பத்து முதல் பதினைந்து விழுக்காடு சர்க்கரை. அதை முழுவதும் புளிக்கவிட்டால் கிடைப்பது வறண்ட, துவர்ப்பும் புளிப்பும் கலந்த, ஆறு ஏழு விழுக்காட்டை ஒட்டிய மது. நார்மண்டியில் பாதி நொதித்ததும் வண்டலிலிருந்து பிரித்து, நொதித்தலை மெதுவாக்கி, ஆப்பிளின் சொந்த இனிப்பையே மிச்சம் பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதற்குப் பொறுமையும் குளிரும் வேண்டும். பெரிய ஆலைகளின் வழி வேறு. செறிவாக்கிய ஆப்பிள் சாற்றை வீரியம் ஏறும்வரை புளிக்கவைத்து, பிறகு நீர் சேர்த்து அளவுக்குக் கொண்டுவந்து, சர்க்கரையும் மாலிக் அமிலமும் சேர்த்துச் சமன்செய்து, வாயு ஏற்றி, கிருமி நீக்கி அடைப்பார்கள். இது ஏமாற்று வேலை அல்ல. ஒவ்வொரு டின்னும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் வர வேண்டும் என்றால் இதுதான் வழி. ஆனால் குடிப்பவர் நாக்கில் உணரும் இனிப்பு, ஆப்பிளில் மிஞ்சிய இனிப்பு அல்ல என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேனின் கதை இன்னும் சுவையானது. தேனில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு சர்க்கரை. பெரும்பகுதி ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ். பூவின் மதுவில் இருக்கும் சுக்ரோஸைத் தேனீ தன் நொதியால் உடைத்து, ஈஸ்ட் நேரடியாகத் தின்னக்கூடிய வடிவிலேயே வைத்துவிடுகிறது. ஆகவே, ஆப்பிள் சாற்றோடு தேனையும் கலந்து புளிக்கவைத்தால், தேனின் இனிப்பு முழுவதும் மதுச்சத்தாகப் போய்விடும். மிஞ்சுவது அதன் மணம் மட்டுமே. தேனை அப்படிப் புளிக்கவைத்து எடுக்கும் பானம் நல்லதாக இருந்தால், முகரும்போது தேனடை நினைவுக்கு வரும், வாயில் விட்டால் துளியும் இனிக்காது. முதன்முறை குடிப்பவருக்கு இது பெரிய ஏமாற்றம். பழகியவருக்கு அதுதான் இன்பம். எனவே சைடரில் தேன் இனிப்பாகவே வருகிறது என்றால், அது நொதித்தல் முடிந்த பின் சேர்த்த தேனாக இருக்கும், அல்லது சர்க்கரையும் தேன் சுவையூட்டியும் சேர்ந்த கலவையாக இருக்கும். பின்னர் சேர்த்தால் ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொண்டு போத்தலை வெடிக்கவைத்துவிடும். அதனால் வடிகட்டியோ சூடேற்றியோ ஈஸ்டை அடக்கியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. தேன் மணம் வந்தால் தேன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபீனைல் எத்தனால் என்னும் பொருளை ஈஸ்ட் தானாகவே உண்டாக்கும். அது ரோஜாவும் தேனும் கலந்த மணம் தரும். தேன் ஒரு சொட்டும் சேராத பானத்தில்கூடத் தேன் மணம் எழலாம்.

இதையெல்லாம் ஒரு குவளையில் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஐஸ் வேண்டாம். குளிர் நாக்கின் இனிப்பு உணர்வை மழுங்கடிக்கும், மணத்தைக் கட்டிப்போடும். ஐஸ் நிறைந்த குவளையில் ஊற்றினால் அளவாகத் தெரியும் சைடர், பத்து நிமிடம் மேசையில் இருந்து குளிர் தணிந்தால் திகட்டுவது இதனால்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சற்று நேரம் விட்டுவிடுங்கள். குவளையைச் சுழற்றி வாயுவைக் கொஞ்சம் வெளியேற்றுங்கள். வாயுவும் இனிப்பை மறைக்கும். பிறகு முகர்ந்து பாருங்கள். ஆப்பிள் முதலில் வருகிறதா, மிட்டாய் மணம் முதலில் வருகிறதா? தேன் மணத்தோடு மெழுகும் மகரந்தமும் கலந்த ஒரு கனம் இருக்கிறதா, அல்லது வெறும் வெல்லப்பாகு போல ஒற்றை மணமா? ஒரு மடக்கு எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு, மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ஃப்ரக்டோஸின் இனிப்பு சட்டென்று வந்து சீக்கிரம் விலகும்; சீனியின் இனிப்பு சற்றுத் தாமதித்து வந்து நீண்டு நிற்கும்; சாக்கரின் போன்றவை கடைசியில் நாக்கின் பின்புறம் ஒரு கசப்பை விட்டுப் போகும். விழுங்கிய பின் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் தீர்ப்பு. புளிப்பு வாயைக் கழுவிவிட்டு அடுத்த மடக்கைக் கேட்டால் சமன் சரியாக இருக்கிறது. இனிப்பு மட்டும் உதட்டில் பிசுபிசுத்தால் புளிப்பு போதவில்லை. நல்ல தேன் சேர்ந்திருந்தால் தொண்டையில் லேசான காரம் தங்கும். சுவையூட்டி அங்கே எட்டாது.

இனி தென்னைக்கு வருவோம். மலாக்காவில் இந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுப் பழகியவர்கள் தோட்டத்துக் கள் இறக்குபவர்கள். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுவார்கள். சொட்டும் நீர் அந்த நேரத்தில் கிட்டத்தட்டத் தெளிவாகவும் புளிப்பில்லாமலும் இருக்கும். ஏறக்குறைய பதினைந்து விழுக்காடு சர்க்கரை. ஆனால் அது கலயத்தைத் தொட்ட கணத்திலிருந்து வேறு பொருளாக மாறத் தொடங்குகிறது. கழுவினாலும் போகாத ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் கலயத்தின் சுவரிலேயே குடியிருக்கின்றன. சில மணி நேரத்தில் நீர் பால் போல வெளுத்து நுரைக்கும். நான்கு ஐந்து விழுக்காடு மதுச்சத்து ஏறிவிடும். மறுநாளைக்குள் இனிப்பு கரைந்து புளிப்பு ஓங்கும். அப்படியே விட்டால் காடி. எந்த நேரத்தில் எடுத்தது, எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது, மரத்தடியிலிருந்து கடைக்கு எப்போது வந்தது என்பதை ஒரு மங்குக் கள்ளில் சொல்லக்கூடியவர்கள் தோட்டங்களில் இருந்தார்கள். கள்ளின் இனிப்பு என்பது முடியாத நொதித்தலின் இனிப்பு. அதில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இனிக்கிறது என்றால் இளசு, புளிக்கிறது என்றால் முற்றியது, இரண்டும் இல்லாமல் சப்பென்று இருந்தால் தண்ணீர் கலந்தது. சுவைத்தலின் இலக்கணமே இதில் அடங்கியிருக்கிறது.

அதே தென்னை நீரை வைத்து வேறொரு வேலை செய்பவர்கள் இன்னும் கண்டிப்பான சுவைஞர்கள். குலா மலாக்கா என்று உலகம் முழுவதும் இந்த ஊரின் பெயரால் விற்கும் தென்னங்கருப்பட்டியைக் காய்ச்சுபவர்களைச் சொல்கிறேன். செண்டோலில் ஊற்றிக் குடிக்கும்போது நாம் அவர்களை நினைப்பதில்லை. நீர் சிறிது புளித்துவிட்டாலும் அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு உறையாது, மூங்கில் குழாயில் ஊற்றினால் கட்டியாகாமல் இழுக்கும். அதனால் கலயத்தில் சுண்ணாம்போ துவர்ப்பான மரத்துண்டோ போட்டு நொதித்தலைத் தடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் சுண்ணாம்பு பூசிய கலயத்தில் பதநீர் எடுப்பதும் இதே கணக்குதான். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கோப்பையில் விழுந்த ரப்பர்ப் பால் உறைந்துபோகும் முன் அம்மோனியா விடுவது போல, கலயத்தில் விழுந்த தென்னை நீர் புளிக்கும் முன் சுண்ணாம்பு. இரண்டுமே விடியலின் குளிரில் செய்யும் வேலை, இரண்டுமே நேரத்தோடு ஓடும் பந்தயம். ஒரே பாளையிலிருந்து வரும் நீர், தடுத்தால் வெல்லம், விட்டால் கள், மறந்தால் காடி. இந்த மூன்றையும் ஒரே மாநிலத்தில் கண்டவர்கள், டின்னில் வரும் இனிப்பைப் பார்த்து "இதை யார் நிறுத்தினார்கள், எப்படி நிறுத்தினார்கள்" என்று கேட்காமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இங்கே ஒரு பலமான மறுப்பு எழும், எழ வேண்டும். கள்ளுக்கடையைச் சுவைப் பள்ளிக்கூடமாகப் பேசலாமா? 1896-இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகு மலாக்காவில் விரிந்த தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள், லயங்களில் குடியமர்த்தினார்கள், மலாயாத் தோட்டங்களில் அனுமதி பெற்ற கள்ளுக்கடை லயத்துக்கு நடக்கும் தூரத்திலேயே இருந்தது. சம்பள நாளில் கிராணி கையிலிருந்து வாங்கிய கூலி அன்று மாலையே கடைக்குப் போனது. அடுப்பில் உலை ஏறாத வீடுகளும் அடிபட்ட பெண்களும் அந்தக் கடையின் கணக்கில்தான் வரும். இதைத் தொழிலாளர்களே சொன்னார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. 1947-இல் பீடோங் பகுதியில் அது காவல்துறையோடு மோதலாக வெடித்தது. தமிழ்நாட்டில் பெரியார் தம் தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்தார். இத்தனை பேர் கண்ணீரும் உழைப்பும் செலவழித்து ஒதுக்கிய ஒன்றைச் சுவை என்ற பெயரில் திரும்ப அழைப்பதா என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு மரியாதையோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

என் பதில் இது. அந்தப் போராட்டங்கள் சரியானவை. அவை எதிர்த்தது கூலியைத் திரும்ப உறிஞ்சும் ஏற்பாட்டை. உழைப்பாளியைக் கடனிலும் மயக்கத்திலும் வைத்திருந்த ஒரு வசதியை. கள்ளைக் கண்டிக்கும்போது, கள்ளை அறிந்த அறிவையும் இழிவாகக் கருதும் பழக்கம் வந்துவிட்டது. விளைவு என்ன? தோட்டத்துக் கள்ளுக்கடை மூடியபோது குடி மூடவில்லை. அது சம்சு என்னும் மலிவு சாராயத்துக்குப் போனது. கள்ளைவிடப் பல மடங்கு வீரியம், மலிவான சிறு போத்தல், சட்டைப் பையில் அடங்கும் அளவு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் எச்சரித்தது இந்தச் சம்சுவைப் பற்றித்தான். பிறகு தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. மக்கள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். பிள்ளைகள் கைக்குப் பளபளக்கும் டின் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கையில் இருக்கும் பானத்தைச் சோதிக்கும் திறன் ஒரு படி இறங்கியது. குடியை எதிர்ப்பவருக்கும் இது நட்டம்தான். எவ்வளவு வீரியம், என்ன கலந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் "வேண்டாம்" என்று சொன்னால் கேட்பவர் மதிப்பார். எல்லாவற்றையும் ஒரே பெயரில் "தண்ணி" என்று ஒதுக்குபவர், சைடரைத் தண்ணியாகவே நினைக்காத பிள்ளைக்கு என்ன சொல்ல முடியும்?

தமிழ்நாட்டு அனுபவம் இதையே வேறு வடிவில் காட்டுகிறது. அங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை. அரசின் டாஸ்மாக் கடைகளிலோ நாற்பது விழுக்காட்டை ஒட்டிய வீரியத்தில் பிராந்தியும் ரம்மும் கிடைக்கின்றன. ஐந்து விழுக்காட்டுப் பானம் குற்றம், அதைவிட எட்டு மடங்கு வீரியமுள்ளது வருவாய் என்ற நிலையைப் பனையேறிகளும் விவசாயிகளும் பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்டுவருகிறார்கள். தடை நீங்க வேண்டுமா என்பது வேறு விவாதம். அதில் நான் இறங்கவில்லை. நான் சுட்டுவது இதை மட்டும்தான்: மூடிய போத்தலில் முத்திரையோடு வந்தால் கௌரவம், மண் கலயத்தில் நுரைத்து வந்தால் அவமானம் என்று எண்ணும் பழக்கம் கடலின் இரு கரையிலும் நமக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாக்குக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. மதுச்சத்து எந்தப் பாத்திரத்திலிருந்து வந்தாலும் ஈரலுக்கு ஒன்றுதான்.

சுகாதாரத்தைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. டின்னில் அளவு அச்சிட்டிருக்கிறது, கிருமி இல்லை, கலப்படம் இல்லை. கள்ளுக்கு யார் உத்தரவாதம்? இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. கள் என்று சொல்லிச் சீனித் தண்ணீரையும் ஈஸ்டையும் கலந்து விற்பது எங்கும் நடக்கும் மோசடி. ஆனால் அந்த மோசடியைப் பிடிப்பதும் நாக்குதான். சீனியில் பிறந்த கள்ளுக்கு வெண்மை இருக்கும், வாயில் கனம் இருக்காது. தென்னை நீரின் மணமும் லாக்டிக் புளிப்பும் இருக்காது. இனிப்பும் வீரியமும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்கும். முத்திரையுள்ள போத்தலும் எப்போதும் காப்பாற்றாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மது பல உயிர்களைக் குடித்தது. மெத்தனாலை நாக்கால் கண்டறிய முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எத்தனால் போலவேதான் இருக்கும். ஆகவே அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் வாங்குவது என்ற விதிக்கு மாற்றே இல்லை. சுவையறிவு ஆய்வுக்கூடத்தின் வேலையைச் செய்யாது. ஆய்வுக்கூடம் சொல்லாத சிலவற்றை அது சொல்லும்.

இனிப்பை விரும்புவது மட்டமான ருசி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மதுத் தொழிலில் அப்படி ஒரு கர்வம் உண்டு: வறண்டது உயர்ந்தது, இனிப்பது தொடக்கக்காரர்களுக்கு. நான் அதை ஏற்பதில்லை. நம் மரபே இனிப்பை மதித்தது. திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் முதிரவைத்த தேன் மதுவைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மலைத்தேனைப் புளிக்கவைத்துக் குடித்த சமூகம் தேனின் இனிப்பையும் அது மறைந்தபின் வரும் வீரியத்தையும் அறிந்தேயிருந்தது. இன்று மலேசியாவில் வளர்க்கும் கெலுலுட் என்னும் கொடுக்கில்லாத தேனீயின் தேனை ஒருமுறை சுவைத்துப் பாருங்கள். சாதாரணத் தேனில் ஈரப்பதம் இருபது விழுக்காட்டுக்குள் இருக்கும். இதில் முப்பதையும் தாண்டலாம். அதனால் கூட்டிலுள்ள தேன் பானைக்குள்ளேயே லேசாகப் புளிக்கிறது. இனிப்பும் புளிப்பும் சிறு கசப்பும் ஒன்றாக வரும். கெட்டுப்போன தேன் என்று நினைத்துப் பலர் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு அது வேறு மாதிரி இருப்பதால்தான் 2017-இல் அதற்கென்று தனியே மலேசியத் தர நிர்ணயம் வகுக்க வேண்டியிருந்தது. புளிப்பின் முதுகில் ஏறி வரும் இனிப்பு எவ்வளவு அழகானது என்பதற்கு அந்தத் தேன் போதும். கடையில் கிடைக்கும் தேன் சைடரில் எனக்குக் குறையாகப் படுவது இனிப்பு அல்ல. அந்த இனிப்பைத் தாங்கும் புளிப்பும் துவர்ப்பும் போதாமல் இருப்பது. சமையலுக்கு ஏற்ற புளிப்பு ஆப்பிளும் கசப்பு ஆப்பிளும் இல்லாமல், தின்னும் ஆப்பிளின் சாற்றில் மட்டும் செய்தால் அந்த முதுகெலும்பு வராது.

இனிப்பைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இனிப்பு மற்ற சுவைகளை அமுக்கும். மதுவின் எரிச்சலையும் அமுக்கும். கசப்பும் எரிச்சலும் குடிப்பவரைத் தாமதப்படுத்துகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் பானம் தாகத்துக்குக் குடிப்பது போல இறங்கும். கணக்கைப் பாருங்கள். 4.5 விழுக்காடு வீரியமுள்ள 320 மில்லி டின்னில் 14.4 மில்லி மதுச்சத்து, அதாவது ஏறக்குறைய பதினொரு கிராம். பல நாடுகள் ஓர் அளவு மது என்று கணக்கிடும் பத்துக் கிராமைவிடச் சற்று அதிகம். அரை லிட்டர் கள் ஐந்து விழுக்காடு என்றால் ஏறக்குறைய இருபது கிராம். ஆக, இரண்டு டின் தேன் சைடர் குடித்தவர் அரை லிட்டர் கள் குடித்தவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே குடித்திருக்கிறார். கள் குடித்தவருக்குத் தாம் குடித்தது தெரியும், வீட்டாருக்கும் தெரியும். சைடர் குடித்தவர் மோட்டார் சைக்கிளின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இந்த நாட்டில் 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. அந்த விதி பியருக்கும் சைடருக்கும் ஒன்றுதான் என்பதை விருந்து நடத்துபவர்கள் மறக்கிறார்கள். குளிர்பானப் பெட்டியிலேயே சைடர் டின்னையும் போட்டுவைக்கிறார்கள்.

ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் தேன் சைடர் பெரும்பாலும் பழுதில்லாமல் செய்த, ஒற்றைச் சுவையுள்ள, குளிரை நம்பி நிற்கும் பானம். காரமான கோழிப் பிரட்டலோடும் வறுத்த மீனோடும் ஒரு குவளை நன்றாகப் போகும். தனியாகக் குடித்தால் இரண்டாவது குவளையில் அலுக்கும். பரிமாறுபவர்கள் அதைக் கொடுக்கும்போது வீரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஜூஸ் மாதிரி" என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் பக்கத்துத் தோட்டங்களில் பாளை சீவியவர்களும், கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுத்தவர்களும், தென்னை நீரில் வெல்லம் காய்ச்சியவர்களும் உங்கள் குடும்பத்தில் இன்னும் இருந்தால், வெட்கப்படாமல் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த நேரத்து நீருக்கு என்ன மணம், எதைக் கடைக்கு அனுப்பினார்கள், எதை அடுப்பில் ஏற்றினார்கள், எதைக் காடிக்கு விட்டார்கள், கலப்படத்தை எதைக் கொண்டு பிடித்தார்கள் என்று அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலோ கோயில் நிர்வாகத்திலோ ஒரு படி கொடுத்துவையுங்கள்.